மூட்டுவலி மஞ்சள் கேப்சூல்: ஸ்டாலில் காட்டும் லேப் ரிப்போர்ட்டை நம்பி வாங்காதீர்கள்

முகப்பேர், அண்ணா நகர் பக்கத்து அடுக்கக வளாகங்களில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டால் போட்டு "95% குர்குமின்" என்று மஞ்சள் கேப்சூல் விற்கிறார்கள். குர்குமின் என்பது மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். 60 கேப்சூல் 1,450 ரூபாய். மூட்டுவலி உள்ள பெரியவர்கள்தான் குறி. "டெஸ்ட் பண்ண சரக்கு சார், ரிப்போர்ட்டே இருக்கு, பாருங்க" என்று லேமினேட் செய்த தாளை நீட்டுகிறார்கள். ஒரு வளாகத்தில் வாங்கியவர்களுக்கு இரண்டே நாளில் வலி விட்டது. சில வாரங்களில், கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கே சர்க்கரை ஏறத் தொடங்கியது. குடியிருப்போர் சங்கம் பணம் திரட்டி, பிரிக்காத டப்பாவை வேறொரு லேபுக்கு அனுப்பியது. உள்ளே டெக்ஸாமெத்தசோன் இருந்தது. ஸ்டீராய்டு. வலியை வேகமாக அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும்.

இப்படி ஒன்றை வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டப்பாவை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எப்படிக் குறைப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்த ரிப்போர்ட். "குர்குமினாய்டு 95%, முறை: யூவி, 425 நானோமீட்டர்" என்று போட்டிருந்தது. குர்குமினாய்டு என்றால் குர்குமினும் அதை ஒத்த இரண்டு பொருட்களும் சேர்ந்தது. அந்த எண் பொய்யில்லை. யூவி கருவி, கரைசல் அந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று மட்டும் அளக்கும். மஞ்சள் கிழங்கிலிருந்து வந்ததா, ரசாயன ஆலையில் செய்ததா என்பது அதற்குத் தெரியாது. கலவையில் உள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையில்தான் விஷயம் வெளிவரும். கிழங்கிலிருந்து பிரித்த சாற்றில் குர்குமின் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும், டெமெத்தாக்சி குர்குமின் அதற்கடுத்து, பிஸ்டெமெத்தாக்சி குர்குமின் கொஞ்சம். வரைபடத்தில் மூன்று சிகரங்கள் தனித்தனியாகத் தெரியும். செயற்கைக் குர்குமின் என்றால் ஏறக்குறைய ஒரே சிகரம். அந்த டப்பாவுக்கு வந்த வரைபடத்திலும் ஒன்றுதான். மூன்றையும் செயற்கையாகச் செய்து கலப்பவர்களும் உண்டு. அதைப் பிடிக்க கார்பன்-14 சோதனை வேண்டும். செடியிலிருந்து வந்த பொருளில் கார்பன்-14 இருக்கும், பெட்ரோலிய மூலப்பொருளில் இருக்காது.

ஸ்டீராய்டு ஏன் பழைய ரிப்போர்ட்டில் இல்லை? யாரும் கேட்கவில்லை. லேப், கேட்ட சோதனையை மட்டும்தான் செய்யும்.

அந்தத் தாளை நிதானமாகப் படித்திருந்தாலே போதும். மாதிரியின் பெயர் "மஞ்சள் சாறுப் பொடி", கேப்சூல் இல்லை. பேட்ச் நம்பர் இடம் காலி. "வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி, முடிவு இந்த மாதிரிக்கு மட்டும்" என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. ரிப்போர்ட் தேதியோ டப்பாவில் அச்சிட்ட தயாரிப்புத் தேதிக்கு முந்தையது! விற்ற டப்பாவுக்கும் அந்தத் தாளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் ரிப்போர்ட்டில் யூஎல்ஆர் எண், அதாவது அந்த ரிப்போர்ட்டுக்கே உரிய தனி எண், இருக்கும். அந்த லேபுக்கே போன் செய்து, எண்ணைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கீகாரம் லேபின் எல்லாச் சோதனைகளுக்கும் இருக்காது, எந்தப் பொருளுக்கு எந்தச் சோதனை என்று பட்டியல் உண்டு. அதை என்ஏபிஎல் தளத்திலேயே பார்க்கலாம்.

டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், "மருந்தாகப் பயன்படுத்த அல்ல" என்ற வாசகம், நாளொன்றுக்கு எவ்வளவு என்ற அளவு ஆகியவை இருக்க வேண்டும். உணவுத் துணைப்பொருளை "மூட்டுவலி குணமாகும்" என்று சொல்லி விற்கவே கூடாது.

வீட்டுச் சோதனைகள் ஓரளவுக்குத்தான். கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் தூவினால், 95% சாறு எளிதில் கரையாமல் மிதக்கும் அல்லது படியும். தண்ணீர் உடனே பளிச்சென்று மஞ்சளானால் சாயத்தைச் சந்தேகிக்கலாம், ஆனால் தண்ணீரில் கரையும்படி பதப்படுத்திய நல்ல சரக்கும் சந்தையில் உண்டு. சமையல் சோடா போட்டால் சிவக்கும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். செயற்கைக் குர்குமினும் அப்படியே சிவக்கும், இரண்டும் ஒரே மூலக்கூறு. ஸ்டீராய்டை எந்த வீட்டுச் சோதனையும் காட்டாது.

லேபுக்கு அனுப்புவதானால் ஒரே பேட்சில் குறைந்தது இரண்டு டப்பா வாங்குங்கள். ஒன்றை சீல் பிரிக்காமல் அனுப்புங்கள், மற்றொன்றை அப்படியே பத்திரப்படுத்துங்கள். பில்லில் பேட்ச் நம்பர் எழுதி வாங்குங்கள். "தரம் பாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பணம்தான் வீண். குர்குமினாய்டு மூன்றும் தனித்தனியே ஹெச்பிஎல்சியில், ஈயமும் குரோமியமும் ஐசிபி-எம்எஸ் என்ற உலோகச் சோதனையில் (ஈயமும் குரோமியமும் உள்ள லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியை மஞ்சளில் கலப்பது பழைய வேலை), ஸ்டீராய்டும் வலிமாத்திரை மருந்துகளும் எல்சி-எம்எஸ் என்ற மருந்துக் கலப்படச் சோதனையில் என்று எழுத்தில் கொடுங்கள். வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அரசு வழியும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சென்னையில் அந்த ஆய்வகம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் உள்ளது. சோதனைக்குக் கொடுக்கப்போகிறோம் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை, பலரும் தவறவிடுவது இங்கேதான். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று ரிப்போர்ட் வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.