கனடாத் தோட்டத்துக்கு எந்தப் புஸ்ஸி வில்லோ?

டொராண்டோ பக்கம் பனி உருகியும் உருகாமலும் இருக்கும்போதே, இலை வருவதற்கு முன்னால், கிளை முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு மொட்டு விடும் செடி புஸ்ஸி வில்லோ. இந்தப் பெயரில் மூன்று விதமான செடிகள் விற்பனைக்கு வருகின்றன. பார்க்காமல் வாங்கினால் இடத்துக்குப் பொருந்தாத ஒன்று வந்து சேரும்.

இடம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது கனடாவின் சொந்தச் செடியான சாலிக்ஸ் டிஸ்கலர். ஈரமண்ணும் நல்ல வெயிலும் கிடைத்தால் 4, 5 மீட்டர் வரை போகும். நீர் தேங்கும் மூலைக்கு இதைவிட நல்ல செடி கிடையாது. ஐரோப்பியச் செடியான காப்ரியாவையும் இதே பெயரில் விற்பதுண்டு. இலையைத் திருப்பிக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள்: முற்றிய இலையின் அடிப்பக்கம் வெளிர்நிறமாக, ஏறக்குறைய வழவழப்பாக இருந்தால் டிஸ்கலர், மெத்தென்று அடர்ந்த ரோமம் இருந்தால் காப்ரியா. டிஸ்கலரின் குச்சி சுலபமாக வேர்விடும், காப்ரியா லேசில் விடாது. மார்ச் கடைசியில் பென்சில் தடிமனில் ஓரடிக் குச்சி வெட்டி, முக்கால்வாசி மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குச்சியை ஆண் செடியிலிருந்து எடுங்கள். வில்லோவில் ஆண் தனி, பெண் தனி. மஞ்சள் மகரந்தம் ஆணில்தான். குளிர்கால உறக்கம் கலைந்து தனியாக வெளியே வரும் பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீயின் ராணிகளுக்கு வேறு பூக்கள் அரிதான அந்த நாட்களில் இது பெரிய உதவி. எனக்கு இந்தச் செடியின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே அதுதான்.

சின்ன முற்றத்துக்குக் கில்மார்னக் சரி. காப்ரியாவின் தொங்கும் வகையை நேரான தண்டில் ஒட்டுக்கட்டியிருப்பார்கள். 2 மீட்டருக்குள் அடங்கும். ஆனால் வேலை வைக்கும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை உடனே கிள்ளாவிட்டால் அடித்தண்டுச் செடி மேலேறிவிடும். குடைக்குள் காய்ந்த கிளைகளையும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கறுப்பு மொட்டு விடும் மெலனோஸ்டாக்கிஸ் கிழக்காசிய வகை. கறுப்பிலிருந்து செம்மகரந்தப்பைகள் எட்டிப்பார்த்து மஞ்சளாக வெடிப்பது கண்கொள்ளாக் காட்சி. ஜாடிக்கு அருமை. கடுங்குளிரில் டிஸ்கலர் அளவுக்குத் தாங்காது. அப்புறம், ஜாடியில் தண்ணீர் வைத்தால் மொட்டு மலர்ந்து மகரந்தம் கொட்டும். பஞ்சாகவே நிற்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டாம்.

எதை வைத்தாலும் கத்தரிப்பது பூ முடிந்த கையோடுதான். இந்தக் கோடையில் வளரும் குச்சியில்தான் அடுத்த வருடத்து மொட்டு. இலையுதிர்காலத்தில் ஒழுங்குபடுத்தப் போனால் வசந்தத்தையே வெட்டி எறிந்ததுதான். டிஸ்கலரில் மூத்த தண்டுகளில் மூன்றில் ஒன்றை வருடாவருடம் தரையோடு வெட்டலாம். வேர் தண்ணீரைத் தேடி ஓடும், அதனால் கழிவுநீர்க் குழாய்க்கும் செப்டிக் தொட்டிக்கும் 10 மீட்டராவது தள்ளி நடுங்கள். அவ்வளவு இடம் இல்லையா, டிஸ்கலரை விட்டுவிட்டுக் கில்மார்னக்கைப் பெரிய பூந்தொட்டியில் வையுங்கள். கோடையில் தண்ணீர் மட்டும் தவறக்கூடாது.