டாலர் பிரமாதம், சட்டம் சுமார்

சிங்கப்பூரின் கம்போங் கிளாம் பக்கம் ஒரு சின்னக் கடையில் எனாமல் ஓவிய டாலர்கள் (சங்கிலியில் தொங்கும் பதக்கங்கள்) விற்பனைக்கு இருக்கின்றன. எனாமல் என்பது உலோகத்தின் மேல் சுட்டு ஒட்டவைத்த நிறக் கண்ணாடி. முட்டை வடிவம், 32 மி.மீ. உயரம், உள்ளே மயில். விலை 290 வெள்ளி. சுற்றிப் பிடிக்கும் சட்டம்தான் வெள்ளி உலோகம், எனாமலுக்கு அடியில் இருப்பது செம்பு. (சிங்கப்பூர்த் தமிழில் காசும் வெள்ளி, உலோகமும் வெள்ளி!)

பாணி பிரிட்டனின் கலை-கைவினை இயக்கத்துடையது (ஆலைப் பொருளுக்கு எதிராகக் கைவேலையை முன்வைத்த இயக்கம்). லண்டனில் அலெக்சாண்டர் ஃபிஷரும் (1864–1936) எடின்பரோவில் ஃபீபி டிராக்வேரும் (1852–1936) பேர் வாங்கிய வேலை இது. நம் ஊர் எனாமல் வேலையான மீனாகாரியில் உலோகத்தைக் குடைந்து பள்ளத்தில் நிறத்தை நிரப்புவார்கள். இதில் பள்ளமும் இல்லை, கம்பித் தடுப்பும் இல்லை. கண்ணாடித்தூளை மெல்லிய பூச்சாக இட்டு, உலரவைத்து, ஏறக்குறைய 800 டிகிரி உலையில் ஓரிரு நிமிடம் சுட்டு, அதன் மேல் அடுத்த பூச்சு. இப்படிப் பல சூடு.

மயிலின் கழுத்துதான் இந்த டாலரின் உயிர். நீலத்துக்கு அடியில் வெள்ளி ரேக்கு (மிக மெல்லிய தகடு) வைத்திருக்கிறார்கள். லேசாகச் சாய்த்தால் ரேக்கின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக ஒளி பிடிக்கின்றன. மூலையில் ஒரு சிவப்புப் பூ. சிவப்பு லேசில் வராது: தங்கத்தால் நிறமேறிய சிவப்பை நேரே வெள்ளி மேல் இட்டால் பழுப்படிக்கும், நடுவே நிறமற்ற எனாமல் ஒரு பூச்சு வேண்டும். இங்கே பூ சுத்தமாக வந்திருக்கிறது. தோகையில் மட்டும் ஊசிமுனை அளவு ஒரு குழி. கோடு வரையக் குழைத்த எண்ணெய் முழுக்கப் புகைந்து போகுமுன் உலைக்குள் தள்ளினால் இப்படித்தான் கொப்புளிக்கும். மன்னிக்கலாம்.

வாங்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் எனாமல் இருக்க வேண்டும். ஆறும்போது செம்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது. ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்து எனாமல் வெடிக்கும். இந்தக் கடைச் சட்டங்கள் பின்னால் திறந்தவை, மறைக்க எதுவுமில்லை. அது பாராட்டுக்குரியது.

குறை சட்டத்தில். விளிம்பை எதிரெதிர்ப் பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டே போனதால், பார்த்த மூன்றில் ஒன்றில் ஓரமாக மயிரிழை விரிசல். பத்து மடங்கு லென்ஸில்தான் தெரியும், ஆனால் வியர்வை புகுந்து நாளடைவில் செம்பு பச்சை பிடிக்கும். லென்ஸ் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

வேறு இடங்களில் 40 வெள்ளிக்கு ‘எனாமல்’ என்று வருவது பெரும்பாலும் ரெசின், அதாவது பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பிசின். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: கண்ணாடி சில்லென்று இருக்கும், ரெசின் அப்படி இருக்காது.

வெள்ளி கழுவும் திரவமும் அல்ட்ராசோனிக் தொட்டியும் (ஒலி அதிர்வால் நகை கழுவும் கருவி) வேண்டாம். கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். கொக்கி வளையம் விட்டுப்போனால், தேக்காவில் (லிட்டில் இந்தியா) எந்தப் பத்தரிடம் கொடுத்தாலும் ‘உள்ளே கண்ணாடி’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கம்போல் பற்றவைக்கும் பொடி வைத்து நெருப்பை ஊதினால், வளையம் ஒட்டும், மயில் நொறுங்கும். சூடில்லாமல் புது வளையம் கோக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் லேசர் பற்றவைப்பு உள்ள இடமாகப் பாருங்கள்.