எந்தக் கேமரா எப்படிச் சாகும்? பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏஇ-1, ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கான் எஃப்எம்2

ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பிப்பவர்கள் சுற்றிச் சுற்றி இந்த நான்கில்தான் வந்து நிற்கிறார்கள். எது நல்லது என்று கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தக் கேமரா புதிதாக இருந்த காலத்து விளம்பரத் தாளிலிருந்து எடுத்தவை: இத்தனை ஷட்டர் வேகம், இத்தனை கிராம் எடை, வெளிச்சத்தை அளக்க இன்ன மீட்டர். நாற்பது, ஐம்பது வயதான பொருளுக்கு அந்தக் கணக்கு பாதிதான் உதவும். கையில் எடுத்ததும் நான் பார்ப்பது வேறு. இது எந்த இடத்தில் கெடும், கெட்டால் நம்மூரில் திறந்து பார்க்க ஆள் உண்டா, அதோடு கூட வரும் லென்ஸ் பிறகு எதற்காவது ஆகுமா?

படத்தின் தரத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். நான்கிலும் ஒன்றுதான். படத்தை வரைவது லென்ஸும் ஃபிலிமும். உடம்பு ஒரு இருட்டுப் பெட்டி, குறித்த நேரத்துக்குக் கதவைத் திறந்து மூடினால் அதன் வேலை முடிந்தது. நான்குக்கும் அந்தந்தக் கம்பெனியின் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 (பென்டாக்ஸில் 1.7, சிலசமயம் 2) மாதிரியான சாதாரண லென்ஸ் போதும். எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது. பிரிண்ட்டைப் பார்த்து எது எதில் எடுத்தது என்று சொல்லிவிடுவேன் என்பவரோடு பந்தயம் கட்டலாம்.

ஏஇ-1, கே1000 இரண்டும் வந்தது 1976இல். ஒரே வருடம், நேர் எதிரான யோசனை. கேனன் எஸ்எல்ஆர் (லென்ஸ் காண்பதையே உள்ளிருக்கும் கண்ணாடி வழியாக நமக்குக் காட்டும்) கேமராவுக்குள் முதன்முதலாக மைக்ரோபிராசசரை வைத்தது. வேகத்தை நாம் வைத்தால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, அது பார்த்துக்கொள்ளும். பென்டாக்ஸ் தன்னுடைய கேஎம் என்ற மாடலை எடுத்து, செல்ஃப் டைமரைக் கழற்றி, டெப்த் ஆஃப் ஃபீல்டு (எங்கிருந்து எங்கு வரை கூர்மையாக விழும் என்பது) பார்க்கும் வசதியைக் கழற்றி, மிச்சம் இருந்ததை மலிவு விலையில் விற்றது. அப்படி மிச்சம் இருந்தது 1997 வரை உற்பத்தியில் இருந்தது, முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. ஏஇ-1 அதற்கு வெகு முன்னாலேயே கடைகளை விட்டுப் போய்விட்டது.

ஏஇ-1இன் பலவீனம் பேட்டரியில் தொடங்குகிறது. ஆறு வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் அதில் எதுவும் நடக்காது, ஷட்டர் அசையாது. 4எல்ஆர்44 என்ற அந்தப் பேட்டரி எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது, ஆனால் வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஓடும். பேட்டரியை மூடும் கதவு பிளாஸ்டிக். அதன் நாக்கு உடைந்து, செல்லோடேப் ஒட்டிய ஏஇ-1களைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த கதவு ஒரு பெரிய குறை இல்லை. விலையைக் குறைக்கச் சொல்ல நல்ல சாக்கு.

நிஜமான நோய் அதன் இருமல். ஷட்டரை அமுக்கினால் சுத்தமான ஒரு ‘க்ளாக்’ வரவேண்டும். நோய் பிடித்ததில் அந்தச் சத்தத்தின் வாலில் ‘கீச்’ என்று ஒன்று இழுக்கும், கீல் துருப்பிடித்த கதவு போல. கண்ணாடி மேலே போகும் வேகத்தை அடக்கி வைக்கும் சின்னப் பல்சக்கரங்களில் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். முற்றினால் கண்ணாடி சோம்பலாக எழும்பும், படம் எடுக்கும் நொடியும் நாம் அமுக்கும் நொடியும் விலகிப்போகும். வைத்தியம், மிக மெல்லிய ஊசியால் சரியான இடத்தில் ஒரு துளி எண்ணெய். அந்த ஒரு துளியில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். நாலு துளி விட்டால் எண்ணெய் ஊர்ந்து போய்க் காந்தத்திலோ ஷட்டர் துணியிலோ உட்கார்ந்துகொள்ளும். இருமல் போய்ப் பக்கவாதம் வந்த கதை. வாங்குவதற்கு முன் போனில் சத்தத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டாலே இந்த நோய் தெரிந்துவிடும்.

இருமலுக்காவது மருந்து உண்டு. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பலகை போனால், வேறொரு ஏஇ-1ஐ அறுத்துத்தான் எடுக்கவேண்டும். பழைய ஸ்டூடியோ கேமராக்களைப் பழுது பார்த்துக் கை பழுத்த ஒருவர் என்னிடம் சொன்னது: “பல்சக்கரம்னா நான் பாத்துக்குறேன் தம்பி. கரண்ட்டு போனதை எங்கிட்ட கொண்டாராத.” இந்த ஒரு வரியில் கே1000க்கும் ஏஇ-1க்கும் உள்ள வித்தியாசம் அடங்கிவிடுகிறது.

கே1000க்கு பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். ஒரே ஒரு எல்ஆர்44. அது செத்தாலும் ஒரு செகண்டிலிருந்து ஆயிரத்தில் ஒரு செகண்டு வரை ஷட்டர் ஓடும். இதில் மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடியைப் போடாமல் மேசைமேல் வைத்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். “மீட்டர் வேலை செய்யவில்லை” என்று சொல்லி விலை குறைத்து விற்கும் கே1000களில் கொஞ்சமாவது இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். ஒரு வாட்ச் பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இது எப்படிச் சாகும்? நிதானமாக. உள்ளே கிரீஸ் காய்ந்து ஷட்டர் துணிகள் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாமல் போகும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, கேமராவை வெளிச்சமான ஜன்னல் வானத்துக்கு நேராகப் பிடித்து, ஆயிரத்தில் ஒன்றில் வைத்து அமுக்குங்கள். சட்டம் முழுக்க ஒரு மின்னல் தெரியவேண்டும். ஒரு ஓரம் கறுத்துத் தெரிந்தால் இரண்டாவது துணி முதல் துணியை எட்டிப் பிடித்துவிடுகிறது. அப்புறம் ஒரு செகண்டில் வைத்துக் கேளுங்கள். உள்ளே ‘விர்ர்’ என்ற ஓட்டம் தடைபடாமல் முடியவேண்டும். நடுவில் திக்கி நின்றால் மெதுவான வேகங்களுக்குச் சுத்தம் தேவை. இரண்டும் மெக்கானிக்கால் சரிசெய்யக்கூடியவை. விற்பவர் “டெஸ்ட் பண்ணல சார், ஆனா நல்லாதான் இருக்கும்” என்றால், டெஸ்ட் பண்ணிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கிலும் பொதுவாகச் சாவது ஒளி புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்சு. பின்கதவின் பள்ளங்களிலும், கண்ணாடி மேலே போய் முட்டும் இடத்திலும் ஒட்டியிருக்கும். வயதானால் அது உருகி, தார் போலப் பிசுபிசுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பல்குத்தும் குச்சியால் வழித்து எடுத்து, மெல்லிய கறுப்பு ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினால் ஒரு சாயங்கால வேலை. வழிக்கும்போது ஷட்டர் துணிமேல் ஒரு துணுக்கும் விழாமல் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பயந்து நல்ல கேமராவை விட வேண்டாம்.

ஆனால் இதே ஸ்பாஞ்சு ஓஎம்-1இல் உயிருக்கே உலை. மைதானி யோஷிஹிசா வடிவமைத்த இந்தக் கேமரா 1972இல் எம்-1 என்ற பெயரில் வந்தது. லைக்கா ஆட்சேபித்ததால் ஓஎம்-1 ஆயிற்று. அதற்கு முந்தைய எஸ்எல்ஆர்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் இதன் சிறிய உருவம் நம்பமுடியாது. சுமார் 510 கிராம். கே1000 620 கிராம் அளவில் வரும். வியூஃபைண்டருக்குள் பார்த்தால் சினிமா தியேட்டரில் முன்வரிசையில் உட்கார்ந்தது போல அகலம். ஷட்டர் வேக வளையம் லென்ஸைச் சுற்றியே இருப்பதால் கண்ணை எடுக்காமல் இடது கையாலேயே எல்லாவற்றையும் திருப்பலாம். கையில் பிடிக்கும் சுகத்துக்கு மட்டும் மார்க் போட்டால் நான்கில் இதற்கே முதலிடம்.

அந்த அழகான வியூஃபைண்டரின் ப்ரிசத்தை (காட்சியைத் திருப்பிக் கண்ணுக்குக் கொண்டுவரும் கண்ணாடிக் கட்டி) ஒட்டி ஒலிம்பஸ் ஒரு ஸ்பாஞ்சு வைத்தது. அது அழுகி, ப்ரிசத்தின் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். உள்ளே பார்த்தால் கறுப்புத் திட்டு, அல்லது கோடு. படத்தில் அது விழாது, ஆனால் இந்தக் கேமராவை வாங்குவதே அந்தக் காட்சிக்காக என்னும்போது என்ன பிரயோசனம்? தின்ற வெள்ளி திரும்பாது; மலிவான ஓஎம்10இலிருந்து ப்ரிசத்தைக் கழற்றி மாட்டுவது வழக்கம். இரண்டாவது தொல்லை பேட்டரி. இது 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்தது, அது இன்று விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட்டைப் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், நாம் வெளிச்சத்தைக் குறைத்து எடுப்போம், நெகட்டிவ் வெளிறிப்போகும். வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டர் போடலாம், காது கேட்கும் கருவிக்கான ஜிங்க் ஏர் பேட்டரி போடலாம். அல்லது என்னைப் போல மீட்டரை மறந்துவிட்டு வெயிலைப் பார்த்து வைக்கலாம்: நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண் (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு; 400 என்றால் நானூறில் ஒரு செகண்டு). நம் ஊர் வெயிலுக்கு இந்தக் கணக்கு அனேகமாகப் பொய்க்காது.

வெயில் என்றதும் எஃப்எம்2. மற்ற மூன்றும் ஆயிரத்தில் ஒரு செகண்டோடு நின்றுவிடும். 1982இல் வந்த இது நாலாயிரத்தில் ஒன்று வரை போகும், அதுவும் பேட்டரி இல்லாமல். இதை வெறும் பெருமைக்கான எண் என்று ஒதுக்குபவர்கள் மதுரை மதிய வெயிலில் 400 ஐஎஸ்ஓ ரோலோடு நின்றதில்லை. ஆயிரத்தில் ஒன்றில் எஃப்/11க்கு மேல் திறக்க வழியில்லை. பின்னணியை மங்கலாக்கும் ஆசையை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். எஃப்எம்2இல் எஃப்/5.6 வரை திறக்கலாம். 100 ஐஎஸ்ஓ என்றால் மற்றவற்றில் 5.6, இதில் 2.8. கலர் நெகட்டிவ் ஓரிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும் என்பதும் உண்மைதான், ஆனால் அந்தச் சலுகையைத் தினமும் கேட்க முடியாது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படம் எஃப்எம்2இல்தான் எடுத்தது என்று விற்பவர்கள் மறக்காமல் சொல்வார்கள். அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் விலை.

நான்கில் அதிக விலை இதற்குத்தான், உழைப்பும் அதிகம். மீட்டரை ஆன் செய்ய ஃபிலிம் நகர்த்தும் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைக்கவேண்டும். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நெற்றியில் குத்தும். இதன் ஷட்டர் உலோகத் தகடுகள், ஆரம்பத்தில் தேன்கூடு மாதிரிப் பொறித்த டைட்டானியம். ஃபிலிம் போடும்போது விரல் பட்டு நெளிந்தால் கதை முடிந்தது. பின்கதவைத் திறந்ததும் முதலில் அந்தத் தகடுகளைப் பாருங்கள், பள்ளம் ஏதாவது இருந்தால் பேரமே வேண்டாம். இன்னொன்று, 1977க்கு முந்தைய, ஏஐ (வைத்த அப்பர்ச்சரைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் நிக்கான் முறை) ஆகாத நிக்கான் லென்ஸ்களை இதில் மாட்டப் பார்க்கக்கூடாது. உடம்பிலுள்ள காது உடையும்.

லென்ஸ்தான் நீண்டநாள் சொத்து. எனவே லென்ஸை மாட்டும் வாயான மவுன்ட்டைப் பற்றிக் கொஞ்சம். கேனன் 1987இல் ஈஓஎஸ் என்ற புதிய கேமரா வரிசை வந்தபோது தன் எஃப்டி மவுன்ட்டைக் கைவிட்டது. எஃப்டி லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 மில்லிமீட்டர் தூரத்தில் உட்காரும், ஈஓஎஸ்ஸில் 44. அந்த இரண்டு மில்லிமீட்டரால் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு இல்லாமல் தூரத்துக் காட்சி கூர்மையாகாது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்கள் வந்த பிறகுதான் அந்த லென்ஸ்களுக்கு மறுவாழ்வு. நிக்கான், பென்டாக்ஸ் மவுன்ட்களுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. இதில் பென்டாக்ஸுக்கு ஒரு மறைமுகச் செல்வம் உண்டு. பழைய எம்42 திருகு மவுன்ட்டின் தூரமும் கே மவுன்ட்டின் தூரமும் ஒன்றே, 45.46 மில்லிமீட்டர். மெல்லிய வளையம் ஒன்று போதும், பென்டாக்ஸின் பழைய டகுமார் லென்ஸ்களும், ஜெனித் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 44ம் கே1000இல் அப்படியே உட்காரும். பின்னணி இலைகளைச் சுழற்றிக் காட்டும் அந்த ஹீலியோஸ், கார்ல் ஜெய்ஸின் பயோட்டார் வடிவத்திலிருந்து சோவியத் ஆலைகளில் செய்தது. டகுமார் 50 எஃப்/1.4 கண்ணாடி மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிற்கால ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்திருக்கிறது, சில நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுக்கும்.

எந்த மவுன்ட்டானாலும் கடற்கரை ஊர்களில் லென்ஸுக்கு எமன் ஃபங்கஸ். போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டிருந்தால் அதுதான். லேசானது துடைத்தால் போகும். நாள்பட்டது பூச்சை அரித்திருக்கும், பூஞ்சை போனாலும் வடு இருக்கும். அழகான தோல் உறையோடு வந்தால் உறையை ஷோகேஸில் வையுங்கள், கேமராவை வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சமையலறைக்கு வாங்கும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். அந்த உறைக்குள் சிலசமயம் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல் ஒன்றும் கிடைக்கும். பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமான எதையும் அதில் எடுக்காதீர்கள்.

ஒரு ரோல், கழுவுதல், ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்தச் செலவில் கேமரா விலை சீக்கிரமே மறந்துபோகும் என்பதால், கையில் பணம் இருப்பவருக்கு எஃப்எம்2 என்றே சொல்வேன். வியூஃபைண்டரைக் காதலிப்பவர், ப்ரிசத்தை நேரில் பார்த்த பிறகு ஓஎம்-1. அப்பாவின் அலமாரியில் ஏஇ-1 இருந்தால் விற்காமல் பேட்டரி போட்டுப் பாருங்கள், பணம் கொடுத்து வாங்க நான் சொல்லமாட்டேன். மற்ற எல்லோருக்கும் கே1000. ஜப்பானில் செய்ததா, பிறகு ஹாங்காங்கிலோ சீனாவிலோ செய்ததா என்று பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஷட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மீட்டர் செத்த, லென்ஸ் இல்லாத இன்னொரு கே1000ஐயும் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள், ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஆகும்.