விருதா, நேரமா?

எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து படிக்கும் பொதுக்கல்விப் பாடங்களில் புதுமையாகக் கற்பிப்பவரை ஊக்குவிக்கப் பல்கலைக்கழகத்தின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஆண்டுக்கு ஒருவருக்கு விருது. மற்றொன்று, பாடத்தை மாற்றியமைக்க முன்கூட்டியே சிறு நிதியும் பணிச்சுமைக் குறைப்பும்.

விருதுக்குச் செலவு குறைவு, பெயர் பெரிது. ஆனால் அது முடிந்த வேலைக்குத்தான் கிடைக்கும். துணிந்து முயன்று சறுக்கியவருக்கு அதில் இடமில்லை. மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிட்டு நிரப்பும் படிவங்களையே தேர்வுக்குழு நம்பிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகள் குறித்து வெளியான ஆய்வைப் பாருங்கள். சிறு குழுக்களாகத் தாங்களே கணக்குகளைப் போட்டுப் பார்த்தபோது மாணவர்கள் தேர்வில் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். ஆனாலும் சரளமான விரிவுரையைக் கேட்டபோதுதான் நிறையக் கற்றதாக நினைத்தார்கள்! படிவத்தை மட்டும் பார்த்தால் பரிசு நல்ல பேச்சாளருக்கே போகும்.

நிதி வழி மெதுவானது. விண்ணப்பம், கூட்டம், அறிக்கை எல்லாம் உண்டு. கிடைத்த நேரத்தைக் காகிதமே தின்றுவிடுவதும் உண்டு. இருந்தாலும், பல துறை மாணவர்கள் கலந்து உட்காரும் பெரிய வகுப்பில் ஒரே இறுதித் தேர்வுக்குப் பதிலாக வாரம் ஒரு சிறு கட்டுரை எழுதவைக்க நினைக்கும் ஆசிரியருக்குத் தேவை கேடயம் அல்ல, திருத்துவதற்கு ஆட்கள். அப்படி உருவான பாடம் அடுத்து வருபவருக்கும் பயன்படும்.

என் சாய்வு இரண்டாவதன் பக்கம். விருதை ஒழிக்க வேண்டியதில்லை. தேர்வுக்குழு படிவங்களோடு, வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்த சக ஆசிரியரின் குறிப்பையும் கேட்கட்டும்.