4,85,000 ரூபாய் போச்சு: பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்று சாயங்காலம்தான், எனக்குப் பழைய கார் விற்ற கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். இன்னும் கை நடுங்குகிறது. மனசு ஆறட்டும் என்று விட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன். கடையின் பெயரையும் ஆப்பின் பெயரையும் போடவில்லை, கேஸ் கொடுக்கப் போகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போனது 4,85,000 ரூபாய். ரப்பர் விற்றுச் சேர்த்தது கொஞ்சம், சீட்டு எடுத்தது கொஞ்சம், மீதிக்கு மனைவியின் செயின் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. அப்பாவுக்கு இதய நோய். மாதம் ஒரு தடவை திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும். குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம், அங்கிருந்து களியக்காவிளை, அப்புறம் இன்னொரு பஸ் என்று மாறி மாறிப் போக அவரால் முடியவில்லை. அதற்காகத்தான் கார்.

பழைய சாமான் வாங்கி விற்கிற ஒரு ஆப்பில் விளம்பரம் பார்த்தேன். போட்டிருந்தது ஒரு பழைய கார் கடை. 2016 மாடல் டீசல் வண்டி, டிஎன் 75 நம்பர். அந்த நம்பரைப் பார்த்ததுமே மனசு சாய்ந்துவிட்டது. நம்ம ஊர் வண்டி, நம்ம ஆள் யாரோ ஓட்டினது என்று நானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஆர்.சி.யில் மூன்றாவது உடைமையாளர் என்று இருந்தது. படித்தேன், ஆனால் முதல் இரண்டு பேர் யார், எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லை.

கடைக்காரர் முதலில் 6,20,000 சொன்னார். பேசிப் பேசி 4,85,000 ஆனதும் 1,35,000 மிச்சம் பிடித்துவிட்டதாகவே நினைத்தேன். அதே மாடல் வெளியே என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு இடத்திலும் விசாரிக்கவில்லை. என் அக்கா மகள் சைக்காலஜி படிக்கிறாள். இதைக் கேட்டதும் கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு பேர் 1974-ல் எழுதிய ஒரு சோதனையைச் சொன்னாள். ஆட்களுக்கு முன்னால் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்கள் 25 என்கிற அளவில் சொன்னார்கள், 65-ல் நின்றதைப் பார்த்தவர்கள் 45 என்கிற அளவில். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் முதலில் பார்த்த எண் பதிலைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. அவர் சொன்ன 6,20,000-க்கும் அந்த வண்டிக்கும் அப்படித்தான், ஒரு சம்பந்தமும் கிடையாது.

கூட வந்த பக்கத்து வீட்டு அண்ணன், "உள்ள ஒரு மாதிரி ஈர நாத்தம் அடிக்குதுடே" என்று சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை பெய்கிற ஊர், எந்த வண்டியில்தான் ஈரம் இல்லை என்று அவருக்கே பதில் சொன்னேன். கண்ணாடியில் எலுமிச்சை வாசனை டப்பா இரண்டு தொங்கியது. ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு?

பிறகு கடைக்காரர் சாயா வாங்கித் தந்தார். அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலை என் கையில் பார்த்துவிட்டு விசாரித்தார். "எனக்கும் அப்பன் இருந்தவர்தான் மக்களே. அவரை ஏத்திட்டுப் போறதுக்கு நான் கெட்ட வண்டி தருவேனா?" என்று பானட்டைத் தட்டிச் சொன்னார். அப்புறம் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டார். "பைசா இப்ப வேண்டாம். ஒரு ராத்திரி உங்க வீட்டு முற்றத்துல நிக்கட்டும்."

என் பணம் போனது அந்த ராத்திரியில்தான். அப்பா முன் சீட்டில் போய் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "இனி படுத்துக்கிட்டே போலாம் என்னா" என்றார். பிள்ளைகள் பின் சீட்டை விட்டு இறங்கவில்லை. காலையில் சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்றால் எங்கள் சொந்த வண்டியை யாருக்கோ கொடுப்பது போல இருந்தது. கையில் கிடைத்த பொருளை விடுவதற்கு மனசு அதிக விலை கேட்கும் என்பதை, கானமன் வேறு இரண்டு பேரோடு சேர்ந்து 1990-ல் காப்பிக் கோப்பைகளை வைத்துக் காட்டியிருக்கிறாராம். கோப்பை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் தருவதாகச் சொன்ன விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். கடைக்காரருக்கு அதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம் இல்லை, தொழிலிலேயே தெரிந்திருக்கிறது. மறுநாள் 4,85,000 எண்ணிக் கொடுத்தேன். ரசீது 4,00,000-க்குத்தான் தந்தார், "டாக்ஸுக்காக" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

பத்தொன்பதாவது நாள், அப்பாவோடு போகும்போது, பாறசாலைக்கு முன்னால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து வண்டி நின்றது. கொட்டுகிற மழை. அப்பாவை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

மெக்கானிக் முதலில் செய்தது ஒன்றே ஒன்று. ஓட்டுநர் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் உருவினார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில், சாயா கறை மாதிரி பழுப்பாக ஒரு கோடு, நேராக. வெள்ளம் நின்ற மட்டம். அப்புறம் கார்பெட்டைத் தூக்கினார். பொடிப் பொடியாக வண்டல். வயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. சேஸிஸ் நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸில் கேட்டபோது 2018 செப்டம்பரில் வெள்ளச் சேதம், இன்சூரன்ஸ் கிளெய்ம் என்று வந்தது. அப்போது வண்டி கேரள நம்பர். நம்ம ஊர் நம்பர் 2020-ல் மாற்றினது. 2018 ஆகஸ்ட் வெள்ளம் என்ன வெள்ளம் என்று நமக்குத் தெரியாதா? 1924-க்கு அப்புறம் கேரளம் அப்படிப் பார்த்ததில்லை. வயரிங் மாற்ற மட்டும் 1,10,000 ஆகும், அதற்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்கிறார்.

கடைக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வாங்க மக்களே." போனால் ஆள் இல்லை. இரண்டாவது முறை, "வெளி மெக்கானிக் கைவச்சதுதான் தப்பு." இன்று நேரில் பிடித்தபோது நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். உள்ள நிலையில் பார்த்து வாங்கிக்கொண்டேன் என்று அதில் இருக்கிறது. "படிச்சுத்தானே போட்டீங்க சார்?" சாவி கொடுக்கும்போது மக்களே, இப்போது சார். ஆப்புக்கு எழுதினால், நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்க மட்டும்தான் செய்கிறோம் என்று ஒரே பதில் மூன்று தடவை வந்தது, புகாரையும் மூடிவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன், விவரமாக எழுத இப்போது நிதானம் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பாருங்கள். கார்பெட்டுக்கு அடியில் கை விடுங்கள். சேஸிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் வரலாறு கேளுங்கள், தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விலை பேசும் முன்னால் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், சாவியை ராத்திரிக்கு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கொடுத்த மொத்தத்துக்கும் ரசீது வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. நான் திங்கட்கிழமை போகிறேன். 4,85,000-ல் 85,000-க்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை, அதை எப்படிக் காட்டுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அதே கடையின் புது விளம்பரம் இன்று ராத்திரியும் அந்த ஆப்பில் கிடக்கிறது. வேறு வண்டி, வேறு கலர். ஸ்டீயரிங் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் எலுமிச்சை டப்பா இரண்டு தொங்குகிறது.