மேசைக்கு எதிரே இருந்தவர்: இன்ஸ்கிரிப்ஷனுடன் மூன்று ஆண்டுகள்

இன்ஸ்கிரிப்ஷன் என்ற கணினிச் சீட்டு விளையாட்டை 2022 கோடையில் வாங்கினேன். தண்டையார்பேட்டை வீட்டில் என் மடிக்கணினியில் அதை முதலில் ஆடி முடித்தவன் நான். அடுத்து, விடுமுறைக்கு எண்ணூரிலிருந்து வந்திருந்த சித்தி மகன். அவனுக்குப் பிறகு, எங்கள் தெருவில் கேரம் கிளப் நடத்தும் அண்ணன். ஒரே ஆட்டத்தைப் பற்றி மூவரும் மூன்று விதமாகப் பேசினோம், அந்தப் பேச்சு இன்றும் ஓயவில்லை. கதையின் பிற்பகுதியையும் முடிவையும் தொடாமல் அதை எழுத முடியாது என்பதால், ஆடும் எண்ணம் உள்ளவர்கள் முடித்துவிட்டுப் படிப்பது நல்லது.

கனடாவைச் சேர்ந்த டேனியல் மல்லின்ஸ், 2018-ல், குறுகிய நேரத்துக்குள் விளையாட்டு உருவாக்கும் லுடம் டேர் போட்டிக்காகச் சில நாட்களில் செய்த சிறிய ஆட்டம்தான் இதன் விதை. அது வளர்ந்து 2021 அக்டோபரில் முழு விளையாட்டாக வெளிவந்தது. மறு ஆண்டு, சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும், விளையாட்டு உருவாக்குநர்கள் வழங்கும் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதையும் அது பெற்றது. இவ்வளவு பாராட்டுக்குப் பிறகும், முதல் பகுதியோடு மனம் நின்றுவிட்டதாகச் சொல்லும் ஆட்டக்காரர்களை இன்றும் எங்கும் பார்க்கலாம்.

அந்த முதல் பகுதி அவ்வளவு நன்றாக இருக்கிறது. இருண்ட மரக்குடிலில் ஒரு மேசை, அதற்கு அப்பால் இரண்டு கண்கள் மட்டும் தெரியும் எதிராளி லெஷி. அணில் சீட்டை மேசையில் வைக்க எந்த விலையும் இல்லை. ஆனால் ஓநாயைக் கொண்டுவர வேண்டுமென்றால், வைத்த அணில்களைப் பலி கொடுக்க வேண்டும். சீட்டுகள் கொடுக்கும் ஒவ்வொரு அடிக்கும் மேசையில் உள்ள தராசில் ஒரு பல் விழும், ஐந்து பல் வித்தியாசத்தில் தட்டு சாய்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும். தோற்கும் நிலையில் குறடெடுத்து நம் பல்லையே பிடுங்கித் தட்டில் போடலாம் என்று முதன்முதலாகத் தெரிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. லெஷி சொல்லும் கதையின் வழியில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்பவர்களிடம் நம் விலங்கை விட்டால் அதன் பலம் கூடும். பேராசைப்பட்டு இன்னொரு முறை விட்டால் பசியில் அவர்கள் அதைத் தின்றுவிடவும் கூடும். லெஷியே முகமூடி மாற்றி மாற்றிப் போட்டு, குரலையும் மாற்றி, அத்தனை பாத்திரங்களாகவும் நடிக்கிறார். நடுவில் நாற்காலியை விட்டு எழுந்து அறையைச் சுற்றி வரலாம், பெட்டகத்தைத் திறக்கலாம், கடிகாரத்தைத் திருகலாம்.

அவரை வென்றதும் இதெல்லாம் மறைந்துபோகிறது. இரண்டாம் பகுதியில் பழைய கையடக்கக் கருவிகளின் ஆட்டங்களைப் போன்ற கட்டம் கட்டமான படங்களும், இருபது சீட்டுக் கட்டும் வருகின்றன. ரத்தம், எலும்பு, மின்சக்தி, மணிக்கல் எனச் சீட்டுக்கு விலை கொடுக்கும் முறைகளும் நான்காகிவிடுகின்றன. மூன்றாம் பகுதியில் பி03 என்ற எந்திரம் எதிரே அமர்கிறது; அங்கே ரத்தப் பலி இல்லை, முறைக்கு முறை ஒவ்வொன்றாக ஏறும் மின்சக்தி மட்டுமே விலை.

சித்தி மகன் இரண்டாம் பகுதியிலேயே நிறுத்திவிட்டான். இந்தப் புது ஆட்டத்தை யார் கேட்டார்கள் என்பதே அவன் கேள்வி. அண்ணனுக்கோ மூன்றாம் பகுதிதான் பிடித்தது, ஏனென்றால் கணக்குப் போட்டு ஆடினால் அங்கே அதிர்ஷ்டத்துக்குப் பெரிய வேலை இல்லை. நான் முழுவதையும் முடித்தேன். ஆனாலும் குடிலை விட்டு வெளியேறியதிலிருந்து எதையோ இழந்த உணர்வோடுதான் ஆடினேன். அது எதுவென்று எனக்குப் புரியவைத்தவர் அண்ணன்தான்.

"நீ சீட்டோட ஆடலப்பா, அந்தாளோட ஆடினு இருந்த. ஆளு எந்திரிச்சுப் போனதும் உனுக்கு ஆட்டம் கசக்குது" என்றார் அவர்.

சொன்னவுடனே அது உண்மை என்று பட்டது. ஞாயிறு மதியங்களில் மொட்டை மாடியில் ரம்மி ஆடும் என் பெரியப்பாவும் அப்படித்தான். எதிரே வழக்கமான கூட்டாளி இல்லையென்றால் கட்டைக் கையில் எடுக்கவே மாட்டார். விதிகள் மாறியதால் மட்டும் ஆட்டக்காரர்கள் கோபப்படவில்லை என்று நான் நினைக்கிறேன். மேசைக்கு அப்பால் கதை சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் இல்லாமல் போனதுதான் அவர்களை உறுத்துகிறது. இரண்டாம் பகுதியில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. நான்கு விலை முறைகளையும் அவசரமாகக் கையில் திணித்து, அவை ஒன்றோடொன்று பழகுவதற்குள் முடிந்தும்விடுகிறது. எத்தனை முறை ஆடினாலும் அந்தப் பகுதியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

மூன்றாம் பகுதியைப் பற்றிய கருத்து மாறியது. நாடகமும் முகமூடியும் வீண் என்று நினைக்கும் எந்திரத்திடம் நாம் அங்கே மாட்டிக்கொள்கிறோம். ஆகவே அந்த வறட்சி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. அதையும் தாண்டி, அங்கே மனதை உலுக்கும் இடங்கள் உண்டு. நம் கணினியில் உள்ள கோப்பையே சீட்டாக மாற்றி மேசையில் வைக்கச் சொல்லும் போரில், கல்லூரி ப்ராஜெக்ட் அழிந்துவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன். எதுவும் அழியவில்லை. இரண்டாம் முறை ஆடும்போது இன்னொன்றையும் கவனித்தேன்: தொடக்கத்திலேயே 'புதிய ஆட்டம்' என்ற பொத்தான் வேலை செய்யாது, 'தொடர்க' மட்டுமே வேலை செய்யும். குடிலில் நம்மோடு பேசும் மூன்று சீட்டுகளும், லெஷிக்கு நிகரான, அவற்றில் அடைத்துவைக்கப்பட்ட மற்ற மூவர்; பி03-யும் அவர்களில் ஒன்று. மாற்றம் வரப்போகிறது என்று முதல் நொடியிலேயே சொல்லியிருக்கிறார்கள், எங்கள் கண்ணில்தான் படவில்லை.

2022 மார்ச்சில் கேசீஸ் மாட் என்ற இலவச இணைப்பு வந்தது. குடில் ஆட்டத்தை மட்டும், கடினத்தை நாமே கூட்டிக்கொண்டு, முடிவில்லாமல் ஆட அது வழி செய்கிறது. சித்தி மகன் திரும்பி வந்தது இதற்காகத்தான். ஒவ்வொரு முறை இறந்து வரும்போதும் பலம் கூடும் ஊரோபோரஸ் சீட்டு கிடைத்துவிட்டால், இரவு எத்தனை மணியானாலும் எனக்கு அழைத்துச் சொல்லிவிடுவான். மூன்று ஆண்டுகளில் நான் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதியும் இங்கேதான் போயிருக்கிறது. ஆனால் இதில் கதை மிகக் குறைவு, அறைக்குள் எழுந்து நடக்கும் புதிர்களும் இல்லை. நூறாவது ஆட்டத்தில் லெஷி எதிரே இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறார்.

அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுக் கதையையும் தொடக்கத்திலிருந்து ஆடுகிறேன். போன மாதம் ஆடியபோது சித்தி மகனும் பக்கத்தில் உட்கார்ந்து, தான் பார்க்காமல் விட்ட முடிவை முதன்முறையாகப் பார்த்தான். அந்த உலகமே அழிந்துகொண்டிருக்கும்போது லெஷி மறுபடியும் மேசைக்கு வருகிறார். இனி கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தராசையே விலக்கிவிட்டு, வெற்றி தோல்வி இல்லாமல் ஆடுகிறார். கடைசியில் நம்மிடம் கை நீட்டுகிறார். சுட்டியை அவனிடம் நகர்த்தினேன். அந்தக் கையை அவன்தான் குலுக்கினான்.