சந்தனம்: நாற்று நடலா, புதரில் விதைக்கலா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. சந்தனத்துக்குப் பேர்போன மலையில் இன்று காட்டுச் சந்தனத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2002-இல் சட்டம் மாறி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தமானது. வெட்ட மட்டும் வனத்துறை அனுமதி வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பாதியில் நாற்று நட்டேன், மறு பாதியில் புதருக்குள் விதைத்தேன்.

நாற்று வரிசையாக நிற்கும், எண்ணிப் பார்க்கலாம், முதலில் கிடுகிடுவென வளரும். குழி, தண்ணீர், கூலி என்று செலவும் உண்டு. இதெல்லாம் தெரிந்ததுதான்.

என்னை மாற்றியது துணைச்செடி. சந்தனம் அரை ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் தண்ணீரும் சத்தும் உறிஞ்சும். நாற்றுக்குத் துணையாக நான் போட்ட துவரை இரண்டாம் வருஷம் பட்டுப்போனது. கொஞ்ச நாளில் சந்தன இலைகள் மஞ்சளடித்தன. அவசரமாகச் சவுக்கு வைத்தேன், அதற்கும் தண்ணீர் சுமந்தேன். அப்புறம் ஆடுகள். சந்தனக் கொழுந்து என்றால் அவற்றுக்கு விருந்து.

புதரில் இந்தத் தலைவலியே இல்லை. ஆளுயர மூங்கிலைக் கணு உடைத்துக் குழாயாக்கி, நுனியைக் கூராகச் சீவிக்கொள்ள வேண்டும். மழைக்கு முன் காரை, சூரைப் புதர்களின் அடியில் அதைக் குத்தி, குழாய் வழியே நாலைந்து விதை போட்டால் வேலை முடிந்தது. கையில் முள் கிழிக்காது. முளைக்கும்போதே பற்றிக்கொள்ள வேர் தயார், நிழலும் உண்டு. முள்ளைத் தாண்டி ஆடு வாய் வைக்காது. சந்தனத்தின் கருநீலப் பழத்தைத் தின்ற பறவைகள் எச்சமிடுவதும் இதே புதர்களில்தானே!

குறை இல்லாமல் இல்லை. பாதி விதைக்கு மேல் எலிக்குத்தான் போயிருக்கும். முளைத்த செடியும் ஒழுங்கில்லாமல், மெதுவாகத்தான் ஏறுகிறது. கோடையில் தீ வந்தால் புதரோடு எல்லாம் போய்விடும். மாசியிலேயே சுற்றிலும் சருகு கூட்டித் தீத்தடுப்புப் பாதை போட்டாக வேண்டும்.

வைரம், அதாவது மணமுள்ள உள்கட்டை, பாய 10, 15 வருஷமாவது ஆகும். அதனால் எந்தப் பாதியில் நல்ல கட்டை தேறும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். திருடர் பயத்தையும் நான் இன்னும் பார்க்கவில்லை, அது வைரத்தோடுதான் வரும்.

நாற்றுப் பாதியில் செத்த குழிகளில் மறுநடவு செய்யவில்லை. அங்கே தானாக எழும்பும் காரையை வெட்டாமல் விட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு மழை போகட்டும், மூங்கில் குழாயோடு போகிறேன்.